கொட்டையை வீணாக்கலாகாது

யுத்தம் முடிந்த மறு ஆண்டின் கோடை அது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் ஊரே ரேஷன் கடை வாசலில் காத்து நிற்க, மாட்டுங்காவில் மகாதேவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மட்டும் வைக்கோல் மெத்தைமேல் ஆபூஸ் மாம்பழங்கள் சுகமாகப் படுத்திருந்தன. படுக்க வைத்தவன் கிட்டு. மகாதேவனுடைய மனைவி ராஜலக்ஷ்மியின் தம்பி. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, அக்காள் வீட்டோடு இருந்தான்.

சுகத்துக்காக வாழ்வது பாவம் என்பது மகாதேவனுடைய தீர்மானமான கொள்கை. மோருஞ் சாதத்துக்கு மேல் நாவுக்கு ஒன்றும் கொடுக்க மாட்டார். அதனினும் பெரிய சங்கடம், அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது. அந்தச் சத்தியத்தினாலேயே கிட்டுவுக்கு வந்த இரண்டு வரன்கள் வாசற்படியோடு திரும்பிப் போயின.

மூன்றாவது வரன் அன்று மாலை வருவதாக இருந்தது. பெண்ணின் தகப்பனார் பஞ்சு, மகாதேவனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவர், செம்பூர்வாசி. சென்ற வாரம் பெண் பார்க்கப் போனபோது, பெண் சுப்புலக்ஷ்மி பஜ்ஜியை நீட்டி, “உப்புப் போட மறந்துட்டேன், தொட்டுண்டு சாப்பிடுங்கோ” என்று தானே சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து கிட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை.

“ஏன்னா, நீங்க பொய் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தாப் போறும்” என்றாள் ராஜலக்ஷ்மி.

“அவா கேட்டா?”

“இருமுங்கோ.”

“இருமல் இல்லாம இருமினா அதுவும் பொய்தான்” என்றார் மகாதேவன்.

பஞ்சுவும் அவர் மனைவி அம்மிணியும் வந்தார்கள். ராஜலக்ஷ்மி காபி கொண்டுவந்தாள்.

“மன்னிக்கணும். நிச்சயம் ஆகாம சம்பந்தி ஆத்துல கை நனைக்கற வழக்கம் எங்களுக்கு இல்லை” என்று பஞ்சு டம்ளரை ஒதுக்கி வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தார். “ஓய் மகாதேவன், ஆபீஸிலே உம்ம வாக்கை மானேஜர்கூட மறுத்துப் பேச மாட்டார். நீரே சொல்லும். பையன் எப்படி?”

ராஜலக்ஷ்மி கதவோரத்திலிருந்து இருமிக் காட்டினாள். மகாதேவன் அதைக் காதில் வாங்கவில்லை.

“கெட்ட சகவாசம் கிடையாது. ஆனா சுகவாசி. ஞாயித்துக்கிழமைன்னா காலங்கார்த்தாலே கிராஃபோர்டு மார்க்கெட்டிலே நிப்பான். ஒவ்வொரு பழமா மோந்து பார்த்து வாங்குவான். சாயங்காலமானா சமுத்திரக் காத்து வாங்க தாதர் போவான். ஏன்டா போறேன்னு கேட்டா, ‘காத்து நன்னா இருக்கு அத்திம்பேர்’ங்கறான். அதுக்குமேல ஒரு காரணமும் கிடையாது!”

பஞ்சுவின் முகம் சுருங்கிற்று. பழத் தட்டோடு உள்ளே வந்த கிட்டுவின் முகம் அதைவிடச் சுருங்கிற்று.

“அதுவாவது போகட்டும். இத்தனை ஆசையா வாங்கற பழத்தை ஒழுங்கா நறுக்கக்கூடத் தெரியாது, கேட்டேளா? பாதி சதை கொட்டையோட போயிடறது. சுகத்துக்கு அலையறவனுக்குப் பொருளோட அருமை எங்கே தெரியும்?”

அதுவரையில் வாய் திறவாதிருந்த அம்மிணி, “அந்தக் கொட்டை அப்புறம் எங்கே போறது?” என்று கேட்டாள்.

மகாதேவனுக்கு மெய்யாகவே இருமல் வந்தது.

“வீணாகாது.”

“அதெப்படி?”

“வந்து... வீணாக்கறது பாவம் இல்லையா? அதனாலே நான் எடுத்துக்கறேன். துண்டு ஒண்ணுகூடத் தொட மாட்டேன். கொட்டையை மட்டும்.”

“பால்கனியிலே சுவரைப் பார்த்து நின்னுண்டு” என்றாள் ராஜலக்ஷ்மி. “கூப்பிட்டாத் திரும்ப மாட்டார். சப்பி முடிச்சுட்டுத்தான் திரும்புவார்.”

அம்மிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நீ நறுக்கு, பார்ப்போம்” என்றாள் கிட்டுவிடம்.

கிட்டு ஒரு பழத்தை எடுத்தான். கத்தி கொட்டையை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு கன்னங்களும் முழுசாக விலக, தட்டில் விழுந்த கொட்டை, சலவைக்குப் போய்வந்தாற்போல் இருந்தது. இவ்வளவு வறண்ட கொட்டையை அந்த வீட்டில் மகாதேவன் பார்த்ததே இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ பறிபோனாற்போல் இருந்தது.

“நறுக்கத் தெரியாதுன்னேளே!” என்றாள் அம்மிணி.

கிட்டு இரண்டாவது பழத்தை எடுத்தான். இம்முறை கத்தி கொட்டையின் பக்கமே போகவில்லை. தோலோரமாக மெல்லிய இரண்டு சீவல்கள் மட்டும் விழுந்தன. மீதிப் பழம் முழுவதும் கொட்டையோடேயே நின்றது.

“இது யாருக்கு?”

கிட்டு தலையைச் சொறிந்தான். “துண்டு போட்டுக் குடுத்தா அத்திம்பேர் வேண்டாம்பார், மாமி. கொட்டைன்னாத்தான் எடுத்துப்பார். அவர் சாப்பிடாம எனக்குத் தனியா இறங்கறதில்லை. அதான்...”

“ஏன்டா இப்படி நறுக்கறேன்னு நான் இவனை ரொம்ப நாளாத் திட்டிண்டிருந்தேன். கேட்டா, அத்திம்பேருக்குக் கொள்கைதான் பெரிசு, அதுக்குப் பங்கம் வராம நறுக்கணும்ங்கறான்” என்றாள் ராஜலக்ஷ்மி.

மகாதேவன் அந்தக் கொட்டையைப் பார்த்தார். எத்தனையோ கோடைகள் நினைவுக்கு வந்தன. இந்தப் பையனுக்கு நறுக்கத் தெரியவில்லையே என்று தாம் அங்கலாய்த்த கோடைகள். அங்கலாய்த்துக்கொண்டே முழங்கை வழியக் கொட்டை சப்பிய கோடைகள்.

பஞ்சு தொண்டையைக் கனைத்தார். “ஓய், நீர் சொன்னதைத்தான் நான் நம்பி வந்திருக்கேன். முடிவாச் சொல்லும். சுகத்துக்குன்னு வாழறது தப்பா, இல்லையா? இந்தப் பையனுக்கு எம் பொண்ணைக் குடுக்கலாமா?”

கிட்டு கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது முன்னமேயே சுத்தமாகத்தான் இருந்தது.

“தப்புன்னுதான் இத்தனை நாள் சொல்லிண்டிருந்தேன்” என்றார் மகாதேவன் மெதுவாக. “ஆனா அந்தத் தப்பிலே பெரிய பங்கு என்னுதுன்னு இப்பத்தான் தெரியறது. இவன் சுகவாசிதான், பஞ்சு. அந்த வார்த்தையை நான் திருப்பி வாங்கிக்க மாட்டேன். ஆனா தன் சுகத்தை இவன் ஒருநாளும் தனியாச் சாப்பிட்டதில்லை. ஒளிஞ்சுண்டு தனியாச் சாப்பிட்டவன் நான். இவனுக்குப் பொண்ணைத் தாராளமாக் குடுக்கலாம். எனக்குக் குடுக்கறதுக்குத்தான் யோசிச்சிருக்கணும்.”

“எங்கப்பா யோசிக்கலையே!” என்றாள் ராஜலக்ஷ்மி.

அம்மிணி கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கை நனைந்துவிட்டது. கிட்டுவுக்கு அது புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டான்.

மகாதேவன் கொட்டையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் பால்கனிப் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராய்த் திரும்பி வந்து, எல்லோருக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்ந்து, சப்பத் தொடங்கினார். சாறு வெள்ளைச் சட்டையில் சொட்டிற்று. அவர் துடைக்கவில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்த பஞ்சு, தம் சம்பந்திக் கம்பீரத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, வைக்கோல் தெரிந்த கட்டில் பக்கம் கண்ணைச் செலுத்தினார்.

“ஏம்ப்பா மாப்பிள்ளை, இன்னொரு பழம் நறுக்கினா, இன்னொரு கொட்டை வருமோல்லியோ?”