சலவைக்கூடத்தை ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்கள்

குடியிருப்பின் பொதுச் சலவைக்கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த தாளைக் குன்வோர் மூன்று முறை படித்தாள். முதல் முறை கண்ணாடி இல்லாமல், அடுத்த முறை கண்ணாடியோடு, மூன்றாம் முறை கோபத்தோடு. நவம்பர் முதல் சலவைக்கூடம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படுமாம். ஸ்டேன்லீடன் குடியிருப்பில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர், இருட்டிய பிறகு வெளியே நடக்கப் பாதுகாப்பாக இல்லை என்று கருத்துக்கணிப்பில் சொல்லிவிட்டார்களாம். எல்லாம் மக்கள் நன்மைக்காகத்தானாம்.

ஸ்வீடனின் கோதன்பர்க்கில் டிராம் ஓட்டுகிறவள் குன்வோர். வயது அறுபத்து நான்கு. திங்கட்கிழமை மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை அவளுடைய சலவை முறை. சுவரில் மாட்டிய, முறை பதிகிற பலகையில் அந்தக் கட்டத்தில் அவளுடைய சின்னப் பூட்டு முப்பத்தெட்டு வருடமாகத் தொங்குகிறது. இந்த ஊரில் கணவனை விட்டு ஓடினவளை மன்னிப்பார்கள். அடுத்தவளுடைய சலவை நேரத்தில் கை வைத்தவளை மன்னிக்க மாட்டார்கள்.

பின்னாலேயே துணிக்கூடையோடு ஹோதன் வந்தாள். சோமாலியாவிலிருந்து வந்து, எதிர் வாசலில் முப்பத்தோரு வருடமாக இருப்பவள். முதியோர் இல்லத்தில் வேலை.

"என்னடி இது, யாரு இந்த அறுபத்தொரு பேரு?" என்றாள் குன்வோர்.

ஹோதன் தாளைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "நான் ஒருத்தி."

"நீயா? நீ எதுக்குப் பயப்படுற? உன்னப் பாத்துதான் ஊரே பயப்படுது!"

"நாலாவது மாடிக்காரன் நாய அவுத்து விடுறானே, அதுக்குத்தான் போட்டேன். 'பாதுகாப்பா இருக்கா'ன்னு கேட்டான். இல்லன்னு டிக் அடிச்சேன். நாய்க்குன்னு தனிக் கட்டமா வச்சிருக்கான்? சரி, நீ என்ன போட்ட?"

குன்வோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளும் 'இல்லை' என்றுதான் போட்டிருந்தாள், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி. போன ஜனவரியில் மேட்டுப் பாதையில் பனி உறைந்து கிடந்தது. விளக்கு எரியவில்லை, வழுக்காமலிருக்க மணல் தூவ ஆளில்லை. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த எரிச்சலில் போட்ட டிக் அது. இனியாவது மணல் போடுவார்கள் என்று நினைத்தாள். அவர்களோ கதவைப் பூட்ட வருகிறார்கள். தன் கையாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்டது அவளுக்குத் தாங்கவில்லை.

இங்கே குற்றமே இல்லை என்று அவள் சொல்ல வரவில்லை. எண்பதுகளில் அவளுடைய சைக்கிள் நான்கு முறை காணாமல் போனது. நிலவறையை மாதம் ஒரு முறை உடைத்தார்கள். படிக்கட்டில் குடித்துவிட்டுக் கிடப்பவர்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போவாள். அப்போது எந்தப் பத்திரிகைக்காரனும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சைக்கிளைத் தொடுவாரில்லை. ஆனால் இரண்டு கோடைக்கு முன், ஒரு ஞாயிறு மாலை, மளிகைக் கடை வாசலில் பத்தொன்பது வயதுப் பையனைக் காலில் சுட்டார்கள். அன்றிலிருந்து முற்றத்தில் ஏதாவது கார் மெதுவாகப் போனால் குன்வோர் ஜன்னலை விட்டுத் தள்ளி நிற்பாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தங்கை உடனே ஆரம்பித்துவிடுவாள், வீட்டைக் காலி பண்ணு, கடலோரம் வா என்று.

வியாழக்கிழமை குடியிருப்பு நிறுவனத்தின் கூட்டம். பாதுகாப்பு அதிகாரி பெர்னில்லா, முப்பது சொச்சம் வயது, திரையில் கணிப்பின் முடிவுகளை வண்ண வண்ண வட்டங்களாகக் காட்டினாள். காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தன. ரொட்டியைத் தொடாமலே குன்வோர் எழுந்தாள்.

"பெர்னில்லா, ஒரு நிமிஷம்மா. இல்லன்னு போட்டவங்க கைய தூக்குங்க."

முக்கால்வாசிக் கைகள் உயர்ந்தன.

"எதுக்குப் போட்டீங்க?"

"பனி வழுக்குதே!" என்றது ஒரு குரல். "விளக்கு," என்றார் இன்னொருவர். "நாய்!" என்று ஹோதன் கத்த, கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் மெல்ல, "எனக்குத் துப்பாக்கிதான் பயம்," என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"பாத்தீங்களா, அந்தப் பயத்தைத்தான் நாங்க மதிக்கிறோம்," என்றாள் பெர்னில்லா.

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு," என்றாள் குன்வோர். வெளியே சொல்வது அதுதான் முதல் தடவை. "ஆனா அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட முதல்ல ஓடினது யாரு தெரியுமா? போலீஸ் இல்ல. சலவைக்கூடத்துல இருந்த நாங்க. யாரோட துண்டுன்னு கூடப் பாக்கல, எடுத்து அமுக்கிப் பிடிச்சோம். சாயந்தரம் இந்த முத்தத்துல விளக்கு எரியற ஒரே ஜன்னல் அதுதான். அதையும் அணைச்சுட்டா அப்புறம் இருட்டு மட்டும்தான் இருக்கும். அதுக்குப் பேரு பாதுகாப்பா?"

பெர்னில்லா குறித்துக்கொண்டாள். கணிப்பு என்றால் கணிப்புதான், முடிவு எடுத்தாயிற்று என்றாள். அதையும் புன்னகையோடுதான் சொன்னாள்.

நவம்பரின் முதல் திங்கள் ஐந்து மணிக்குக் காவலாளி எல்விர் சாவிக்கொத்தோடு வந்தான். ஏழு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எட்டுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டணுமே," என்றான்.

"பூட்டு, யாரு வேணாங்கிறா? துணி ஓடி முடியட்டும்," என்றாள் குன்வோர்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பத்திரெண்டு நிமிஷம்."

எல்விர் இந்த நாட்டில் வளர்ந்தவன். ஓடுகிற சலவையைப் பாதியில் நிறுத்துவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் அதற்காகவே பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அவனும் பெஞ்சில் உட்கார்ந்தான். ஹோதன் அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.

நாற்பத்திரண்டு நிமிடம் ஆனது. முதல் இயந்திரம் நின்றது. அது நின்ற மறு நொடி ஹோதன் அடுத்த மூட்டையைத் திணித்துப் பொத்தானை அழுத்தினாள். எல்விர் அவளைப் பார்த்தான், கதவோரம் வரிசையாக நின்ற மூட்டைகளைப் பார்த்தான். புரிந்துவிட்டது. போனை எடுத்தான்.

"மேடம், ஓடிக்கிட்டிருக்கு... இல்ல மேடம், நடுவுல நிறுத்த முடியாது... நிறுத்தணும்னா நீங்களே வந்து நிறுத்துங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

பெர்னில்லா வந்தாள். மேட்டுப் பாதையில் வழுக்கியிருப்பாள் போல, கோட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சேறும் பனியும். யாரும் சிரிக்கவில்லை. ஹோதன் மட்டும் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை. நேராகச் சுவரோரம் போய் மின்சாரத்தின் பெரிய சுவிட்சில் கை வைத்தாள்.

"இது யாரோடது, மூணாவது மெஷின்?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என்னுது," என்றாள் குன்வோர். எழுந்து அவள் அருகே போனாள். "நாளைக்கு முதல் டிராம் நான்தான் எடுக்கணும், உள்ள என் சீருடை சுத்திக்கிட்டிருக்கு. அணைக்கிறதுன்னா அணை, நான் கைய பிடிக்க மாட்டேன். ஆனா அடுத்த கணிப்புல ஒரு கேள்வி சேத்துக்க. 'யாரால பாதுகாப்பு இல்ல'ன்னு. நாங்க அறுபத்தொரு பேரும் உன் பேரத்தான் எழுதுவோம்."

இயந்திரம் தண்ணீரை வடித்துவிட்டு வேகமாகச் சுழல ஆரம்பித்தது. பெர்னில்லா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.