இரண்டாம் மதிப்பீட்டாளர்

கட்டுரையைப் பற்றிய கருத்துகள் முடிந்த பிறகு, மின்னஞ்சலின் அடியில் வழக்கம்போல அவளுக்கென்று இரண்டு வரி இருந்தது. "லிஃப்ட் சரியாகும்வரை மாடிப்படி ஏறி இறங்காதீர்கள். இதழ் பல்கலைக்கழகத்துடையது, முட்டி உங்களுடையது." அவள் சிரித்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போவதற்குள் முதல் வரியை மறுபடி படித்தாள். லிஃப்ட் அன்று காலையில்தான் நின்றிருந்தது. இதை எழுதிய மனிதர் இருப்பதோ கடல் தாண்டி, வேறொரு நாட்டில்.

நாமே எழுதிச் சொல்லியிருப்போமோ என்று அனுப்பிய கடிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். சொல்லவில்லை.

கட்டுமானப் பொருள்கள் பற்றிய ஆய்விதழுக்கு அவள் ஆசிரியர். மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு கணினி, காற்றைத் தவிர எல்லாவற்றையும் தள்ளும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான் இதழ். வருகிற ஒவ்வொரு கட்டுரையையும் துறை அறிந்த இரண்டு பேருக்கு அனுப்பி, தேறுமா தேறாதா என்று கேட்க வேண்டும். யார் படித்தார்கள் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது. சொல்லச் சுலபம். கெஞ்சிக் கூத்தாடினாலும் படிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கிறவர்களும் 'வெளியிடலாம்' என்று ஒற்றை வார்த்தையில் கையைக் கழுவிவிடுவார்கள்.

இவர் ஒருவர்தான் விதிவிலக்கு. கோப்புகளில் இவருக்குப் பெயர் இரண்டாம் மதிப்பீட்டாளர். நான்கைந்து வருடங்களுக்கு முன் பக்கத்து அறைப் பேராசிரியர், சாம்பல் கலந்த கான்கிரீட் பற்றித் தன் கட்டுரையைக் கொடுத்தபோது, இதைப் படிக்கத் தகுந்த ஆள் என்று எழுதிக்கொடுத்த முகவரி அது. எழுதுகிறவரே ஆளைச் சொல்லலாம், விதியில் இடம் உண்டு. அந்த ஆள் நிஜமாகவே அங்கே வேலை செய்கிறாரா என்று ஆசிரியர் விசாரிக்க வேண்டும், அதுவும் விதிதான். அவள் விசாரிக்கவில்லை. சொன்னவர் தினம் பிளாஸ்க்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றித் தருகிற மனிதர். அதற்கு மேல் என்ன விசாரணை?

இரண்டாமவர் வரிவரியாகப் படித்தார். மற்றவர்களின் கட்டுரைகளையும் அனுப்ப ஆரம்பித்தாள். மணலில் ஈரம் எவ்வளவு என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பார், படத்தில் விரிசல் தெரிகிறது, வார்த்தையில் தெரியவில்லையே என்பார். கடைசியில் அந்த இரண்டு வரி. முட்டி எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா, ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருங்களேன். அம்மா போன பிறகு அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் நாதி இல்லை. சில சாயங்காலங்களில் அறையைப் பூட்டாமல் அந்த வரிகளுக்காகக் காத்திருந்திருக்கிறாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஆள் வேண்டுமே.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எடுத்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இப்போதும் இல்லை, முன்பும் இருந்ததில்லை என்று மரியாதையாகச் சொன்னாள்.

அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சிமெண்டு சார். தண்ணீர் பட்டால் இறுகிவிடுவார் என்பது அவர்களுடைய நக்கல். பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாங்க எடிட்டரம்மா. மூச்சு வாங்குதா? எனக்கும்தான். நம்ம ரெண்டு பேரையும் படியிலேயே முடிச்சிட்டு பென்ஷனை மிச்சம் பிடிக்கப் பாக்கறாங்க."

அவள் உட்காரவில்லை. செல்போனில் அந்தக் கடிதத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குனிந்தார், ஆனால் படிக்கவில்லை. எழுதியவருக்குப் படிக்க என்ன இருக்கிறது.

"படியில உங்களைப் பாத்தேன்," என்றார். "கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அதே நெனப்புல எழுதிட்டேன். புத்தி எங்க போச்சோ."

"அந்த ஊருக்கு போன் பண்ணிட்டேன் சார்."

அவர் தலையாட்டினார். டீ ஊற்றவும் இல்லை, மூடியை மூடவும் இல்லை.

"என் கட்டுரை ரெண்டு எடத்துல இருந்து திரும்பி வந்துச்சு. படிக்காமலே திருப்பிட்டாங்க. வயித்தெரிச்சல். ஒருத்தனை உண்டாக்கினேன். காரியம் முடிஞ்சதும் தலைமுழுகிடலாம்னுதான் இருந்தேன். நீங்க அவனுக்கு அடுத்த கட்டுரையை அனுப்பிட்டீங்க. படிக்க ஆளில்லைன்னு இதே நாற்காலியில உக்காந்து என்கிட்டதான் பொலம்புவீங்க. என்ன பண்ண? படிச்சேன். அடுத்தவங்க கட்டுரையில ஒரு வார்த்தை பொய் எழுதினதில்ல."

"உங்க கட்டுரையில?"

"அது சரியான கட்டுரைதான்."

"இருக்கலாம். தப்புன்னு நான் சொல்லலையே. இன்னொருத்தர் 'வெளியிடலாம்'னு ஒத்தை வார்த்தையோட நிறுத்திட்டார், யாரும் பாக்கலைன்னு சொல்றேன்."

அவளுடைய அம்மா சித்தாள். தலையில் கலவைச் சட்டி சுமந்தவள். அவளும் பள்ளி விடுமுறையில் சுமந்திருக்கிறாள், சும்மாடு அழுத்திய இடத்தில் முடி கொட்டிய வட்டம் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் சன்ஷேடுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளைப் பிரிக்கலாமா, இறுகிவிட்டதா, பார்த்தாச்சா என்று இன்ஜினியர் கீழேயிருந்து கேட்டார். பார்த்தாச்சு என்றார் மேஸ்திரி. மேஸ்திரி நல்லவர். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நல்லவர்தான், பார்க்கவில்லை. கட்டையைப் பிரித்ததும் சன்ஷேடு விழுந்தது, அதன் பிறகு சாகும்வரை அம்மா இடது கையால்தான் தலை வாரிக்கொண்டாள்.

"அந்தக் கலவைய வச்சு எவனாவது கூரை போட்டிருப்பான் சார்."

"போட்டா நிக்கும்!" என்று குரலை உயர்த்தியவர், உடனே தணிந்தார். "சரி, என்னோடதை எடுத்துடுங்க. மத்தவங்க கட்டுரையையும் திரும்பப் படிக்கணும்னு கெளப்பாதீங்க. சின்னப் பிள்ளைங்க, அதைக் காட்டி வேலைக்குப் போயிருக்காங்க. நானும் கொஞ்ச மாசத்துல ரிட்டயர் ஆகறேன். போனப்புறம் எழுதுங்களேன். எந்த ஆகாசம் இடிஞ்சு விழப்போகுது?"

"நீங்க போற வரைக்கும் அந்த ஆளு எனக்குக் கடுதாசி எழுதுவாராக்கும்?"

கேட்ட பிறகுதான் அதில் எவ்வளவு ஆசை இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேட்டதெல்லாம் பொய்யில்ல."

"பொய்யில்லன்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு."

"கேட்டிருக்கேன். பரவால்ல சார்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவீங்க. வலிக்குதுன்னு அவன்கிட்டதானே சொன்னீங்க."

செல்போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அறையில் மின்விசிறி வெறும் சத்தத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்துவிடலாம். லிஃப்டைச் சரிசெய்துவிடுவார்கள். அந்த முகவரியிலிருந்து அடுத்த வாரம் ஒரு கடிதம் வரும். தெரிந்துகொண்டே அதற்குப் பதில் எழுதலாம், அவரும் தெரிந்துகொண்டே விசாரிக்கலாம். இதைவிடக் கேவலமாக வாழ்கிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர். அந்த நினைப்பில் அவள் கொஞ்சநேரம் இருந்தாள், குளிரில் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பதைப்போல.

பிறகு எழுதத் தொடங்கினாள். பொய்யர் என்றோ மோசடி என்றோ எழுதவில்லை. இந்தக் கட்டுரையை மதிப்பிட்டவர்களில் ஒருவர் எழுதியவருக்குச் சம்பந்தமில்லாதவர் அல்ல, ஆகவே இதழ் இதைத் திரும்பப் பெறுகிறது. அதே முகவரியிலிருந்து கருத்துப் பெற்ற மற்றக் கட்டுரைகள் புதிதாகப் படிக்கப்படும், அவற்றை எழுதியவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. மதிப்பிட்டவர் யார் என்று விசாரிக்கத் தவறியது ஆசிரியர். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அழித்து மூன்றாம் முறை அப்படியே விட்டாள். இதைப் படித்ததும் தன்னையும் ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினாள். இதழின் மென்பொருளுக்கு ஈவு இரக்கம் கிடையாது. ஒரு கட்டுரையின் முடிவு மாறினால் எழுதியவர், மதிப்பிட்டவர்கள் என்று சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தானாகவே தகவல் அனுப்பிவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கணினி 'டிங்' என்றது. கொஞ்சம் பொறுத்து, அதே கணினி, இன்னொரு முறை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்பு நடைவழியில் இழுபட்டு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கதவின் அடியில் வழக்கமாக வெளிச்சம் விழும் சந்தில், இரண்டு கால்களின் நிழல் வந்து விழுந்து, தட்டாமல், அங்கேயே நின்றது.