கணுக்கால் பட்டை

கேப்டனுக்குக் கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை உண்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிற நண்பர்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். வைத்த நாளிலிருந்து மனிதர் வீட்டிலும் அதே தோரணையில்தான் நடமாடினார். அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். அவளுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

இந்தத் தீவுப் பந்தயத்தில் கேப்டன் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தார். பந்தயம் என்றால் சும்மா இல்லை. கடலில் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் நீந்தி, கரையேறிய கையோடு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கப்புறம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் வெளியே. முதல் வருடம் கடல் அவரைத் திருப்பி அனுப்பியது, இரண்டாம் வருடம் காற்று. மூன்றாம் வருடம் மனைவியின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

“எனக்கு எதுக்குங்க இந்த வேலை?”

“நீ கூட வந்தா எனக்கு ஒரு தெம்பும்மா. குரூப்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்றால் முடிந்தது கதை. கல்யாணத்திலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் எல்லா முடிவும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. பத்து மாதம் விடியற்காலை நாலரைக்கு நீச்சல் குளம், அங்கிருந்து ஈரத் தலையோடு வேலை, ஞாயிறு முழுக்க சைக்கிள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. சொல்லத் தோதான ஒரு நாள் வாய்க்கவே இல்லை. இன்று மழை, இன்று அவருக்கு முட்டிவலி, இன்று மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், இன்று எதற்கு என்று தள்ளிப் போட்டதில் படகுத்துறை வந்துவிட்டது. தீவுக்கு வாரத்தில் இரண்டே படகு. வெள்ளிக்கிழமை ஏறினால் திங்கட்கிழமைதான் திரும்ப முடியும்.

பந்தயத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் ஒரு அம்மாள் மேடையில் நின்று விதிகளைப் படித்தார். கேப்டன் அப்போது மேடைக்கு முதுகைக் காட்டித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தார். கணுக்காலில் கட்டுகிற பட்டையில் ஒரு சிப் இருக்கும், அதுதான் ஆள் எங்கே போகிறார் என்று கணினிக்குச் சொல்லும், ஒருவர் பட்டையை இன்னொருவர் கட்டினால் இரண்டு பேருமே வெளியே என்று அந்த அம்மாள் சொன்னதை மனைவி மட்டும் கேட்டாள். பிறகு இருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பொடி எழுத்தில் இன்னும் என்னென்னவோ இருந்தது. அதை அவளும் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் கூடாரத்துக்குள் கேப்டன்தான் எல்லாம் செய்தார். ரப்பர் உடையின் ஜிப் முதுகில் இருப்பதால் அவளுக்கு எட்டாது. அவர் இழுத்து மேலே ஏற்றியதும் கழுத்து இறுகியது. “மூச்சு முட்டுது” என்றாள். “தண்ணியில எறங்கினா சரியாயிடும்” என்றார். அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கணுக்காலில் ஒரு பட்டை, தன் கணுக்காலில் ஒரு பட்டை. அவர் எண் அறுநூற்றுப் பதினாலு, அவள் எண் அறுநூற்றுப் பதினைந்து. அடுத்தவர் ரத்தம் அடைத்த குழாய் என்றால் பெயர், எண், தேதி என மூன்று தடவை சரிபார்க்கிறவள், தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கடல் எப்படியோ முடிந்தது. ஒன்பது மணிக்கு அவள் சைக்கிளில் ஏறியபோது கேப்டன் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அதற்கப்புறம்தான் காற்று.

தீவைச் சுற்றி ஒரே ரோடு. அறுபது கிலோமீட்டர். அதையே மூன்று சுற்று வர வேண்டும். வட்டமான ரோடு என்றால் பாதித் தூரமாவது காற்று முதுகில் தள்ள வேண்டும் அல்லவா? அவளும் அப்படித்தான் நம்பினாள். முதல் இருபது கிலோமீட்டர் எதிர்க்காற்று, அடுத்த இருபது பக்கவாட்டில் கடலுக்குள் பிடித்துத் தள்ளுகிற காற்று. கடைசி இருபதில் முதுகுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய காற்று அங்கிருந்த மலையில் முட்டி மறுபடியும் முகத்தில் அடித்தது. அந்தத் தீவு யாரையும் சும்மா விடுவதாக இல்லை. நீளமான ஒரு சிமென்ட் சுவர், மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க், கொடி கிழிந்து படபடக்கிற ஒரு கம்பம். ஒரு மணி நேரம் மிதித்தபின் மறுபடி ஒரு சிமென்ட் சுவர். அதே சுவர்தானோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. செருப்பை உதறுவதுபோல இந்தச் சைக்கிளை உதறவும் முடியாது. ஷூ மிதியோடு பூட்டியிருந்தது.

இரண்டாம் சுற்றில், எண்பதாவது கிலோமீட்டரில், அவள் இனி முடியாது என்று விட்டுவிட்டாள். அழுகைகூட வரவில்லை, நிம்மதிதான் வந்தது. முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் ஜன்னல் இருக்கும், மெத்தை வைத்த சீட் இருக்கும், முக்கியமாகக் காற்று இருக்காது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பஸ்ஸின் இரைச்சல் தூரத்தில் கேட்டபோது பிறந்த வீட்டிலிருந்து ஆள் வருகிற மாதிரி இருந்தது. காலில் அரித்தது. சொறிந்துகொள்ளக் குனிந்தாள்.

பட்டையில் 614 என்று இருந்தது.

பெயர், எண். கையில் மையால் எழுதியிருந்தது 615. சட்டையில் குத்தியிருந்ததும் 615. காலில் மட்டும் புருஷன். பத்தொன்பது வருடமாகக் கெட்ட கனவில் மட்டும் வந்த தப்பு, கடைசியில் தன் காலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

பஸ் வந்து நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார்.

“ஏறுறீங்களா மேடம்?”

ஏறினால் இந்தச் சிப் நின்றுவிடும். சிப் நின்றால் முன்னால் உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருக்கிற மனிதர் மூன்றாவது வருடமும் தோற்றுப்போவார். உண்மையைச் சொன்னாலோ, இரண்டு பேரும் வெளியே. இது முடியட்டும், இதற்கப்புறம் எதுவும் கேட்க மாட்டேன் என்று படகில் வரும்போது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்காமல் இருக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

“இல்லைங்க. சாக்ஸ் சரி பண்றேன்.”

“காத்து இனிமே இன்னும் ஏறும். பார்த்துக்குங்க.”

கதவு மூடிக்கொண்டது. பஸ் போவதைப் பார்த்தபடி அவள் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே ஏறி மிதித்தாள்.

அடுத்த நூறு கிலோமீட்டரை அவள் எப்படி மிதித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கால் மரத்துப்போய், கை மரத்துப்போய், காதுக்குள் காற்றின் ஓலம் மட்டும் மிஞ்சியது. நான் நின்றால் அவர் நின்றுவிடுவார் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். கோபமாகவும் சொன்னாள், பாவம் பார்த்தும் சொன்னாள். ஆனால் மூன்றாம் சுற்றில் ஒன்று நடந்தது. அந்தச் சிமென்ட் சுவர் தொடங்குகிற இடத்தில் காற்று ஒரு கணம் அடங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே தலையைத் தாழ்த்தி வேகம் பிடித்தாள். ஒரு ஆளைத் தாண்டினாள், அப்புறம் இன்னொருவரை. தாண்டப்பட்டவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது அவளுக்கு நன்றாகவே இருந்தது.

சைக்கிள் கெடு ஐந்தரை. ஐந்து இருபத்து நாலுக்கு அவள் கோட்டைத் தாண்டினாள். காலடியில் கிடந்த, சிப்பைப் படிக்கிற கறுப்புப் பாய் பீப் என்றது. கூடாரத்துக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தபோது, வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கேப்டன் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு, கையில் சூப், கழுத்துவரை இழுத்து மூடிய ஜாக்கெட்.

“வந்துட்டியா! எனக்குத் தெரியும்மா நீ வருவேன்னு!”

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. “நீங்க ஓடலையா?”

“முட்டி பிடிச்சுக்கிச்சு. நூறாவது கிலோமீட்டர்லயே பஸ் ஏறிட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “அங்க பட்டையக் கழட்டும்போதுதான் பார்த்தேன், உன் நம்பர். காலைல இருட்டுல மாத்திக் கட்டிட்டேன் போல. நல்லவேளை, ஜாக்கெட் போட்டிருந்தேன், சட்டை நம்பரை யாரும் பார்க்கலை.”

“நல்லவேளையா?”

“நீயே பாரு.” போனை நீட்டினார். சைக்கிள் நண்பர்கள் காலையிலிருந்து கணினிக் கணக்கைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். கேப்டன் இன்னும் போய்க்கிட்டே இருக்கார். சிங்கம்டா. இந்த வருஷம் விட மாட்டார். நடுவில் ஒருவர், அண்ணி பாதியில் விட்டுட்டாங்க பாவம், முயற்சி பண்ணாங்களே அதுவே பெருசு என்று எழுதியிருந்தார். அதற்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“நானா எதுவும் சொல்லலைம்மா. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க.” சூப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது. “ராத்திரி பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கு. ஓட வேணாம், நடந்தே போயேன். வெறும் நாப்பத்திரண்டுதான். மூணு வருஷக் கனவும்மா. என் பேரு இப்ப உன் கால்ல இருக்கு.”

அவள் அவரைப் பார்த்தாள். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ உதறியிருக்கலாம். ஒரு சின்னப் பிள்ளை பொம்மை கேட்கிற முகத்தோடு கேட்டே இருபத்திரண்டு வருடம் அவளை எழுந்திருக்க விடாமல் வைத்திருந்தார். எண்பதாவது கிலோமீட்டரில் யாராவது அவளை அந்த பஸ்ஸில் ஏற்றியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். இப்போதோ, ஏறாத பஸ்ஸில் ஏறிவிட்டதாகத் தன் பெயருக்கு எதிரே இருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. நான் மிதித்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்த மலைக் காற்றில் மிதித்தது நான்.

நடந்து போகலாம். கால் போகும் என்றே தோன்றியது, அதை நினைத்தபோது இன்னும் கோபம் வந்தது. ஆனால் ஒவ்வொரு அடியும் அவருடைய அடியாகத்தான் விழும்.

பரிசோதனைக் கூடத்தில் குழாய்க்குப் பெயர் மாறிவிட்டால் மேலே இருக்கிற பெயரை அடித்துத் திருத்துவதில்லை. இரண்டு குழாயையும் கொட்டிவிட வேண்டும். எத்தனை சிரமப்பட்டு எடுத்த ரத்தமானாலும் சரி. பிறகு ஆளைக் கூப்பிட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டும். இதைப் புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள்.

கையை விடுவித்துக்கொண்டு குனிந்து பட்டையைக் கழற்றினாள். முந்திய நாள் விதி படித்த அம்மாள் மூலையில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய்ப் பட்டையை வைத்தாள்.

“இது என் புருஷனோடது. நான் கட்டியிருந்தேன். என்னோடதை அவர் கட்டியிருந்தார். பஸ்ஸுல ஏறினது அவர். சைக்கிளை முடிச்சது நான்.”

“ஏய், என்ன பண்ற?” என்று கேப்டன் பின்னாலேயே ஓடி வந்தார். முட்டி பிடித்துக்கொண்டதாகச் சொன்னவருக்கு நடை நன்றாகவே இருந்தது. “மேடம், அவ களைப்புல ஏதோ உளர்றா.”

அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவரின் ஜாக்கெட்டைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். 614 தெரிந்தது.

“எழுதிக் கொடுத்தா ரெண்டு பேர் பேரையும் எடுத்துடுவோம் மேடம். நீங்க மிதிச்சதும் கணக்குல வராது.”

“தெரியும்.”

“அதோட விடாது. நேத்து கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு பேரும் இந்தப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்க முடியாது.”

“ரெண்டு வருஷமா!” கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். “யோசிச்சுப் பாரும்மா, எனக்கு அப்போ அம்பத்தி மூணு ஆயிடும்!”

அவள் பேனாவை வாங்கி, பெயரும் எண்ணும் தேதியும் எழுதி, மூன்று தடவை சரிபார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மாளிடம் கேட்டாள்:

“இதைக் கூட்டிப் போட முடியுமா?”

“எதை மேடம்?”

“அவருக்கு அஞ்சு வருஷமாப் போடுங்க. எனக்கு ரெண்டு போதும்.”