என் பக்கத்துச் சக்கரம்

என் மருமகனின் புதிய பிக்கப்பில் ஒரு குமிழ் இருக்கிறது. பனி விழுந்தால் சூடான இருக்கையில் உட்கார்ந்தபடியே அதைத் திருகுவான். நான்கு சக்கரமும் இழுக்கும். கால் நனையாது, கை விறைக்காது. "எப்படி இருக்கு அத்தை?" என்று பெருமையாகக் கேட்பான். பாவம், மனம் நோகக் கூடாதென்று நன்றாயிருக்கிறது என்பேன். உண்மையில் அதில் எனக்கு ஒரு ருசியும் இல்லை.

எங்கள் பச்சை பிக்கப் யாருக்கும் அப்படிச் சொகுசு காட்டியதில்லை. அதன் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் உள்ளங்கை அளவில் ஒரு திருகு இருக்கும். பனிப்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி, இரண்டையும் கையால் திருகிப் பூட்ட வேண்டும். அதற்கு அப்புறம் உள்ளே இருக்கும் சின்ன லீவரை இழுத்தால்தான் முன்சக்கரங்களுக்கு உயிர் வரும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை, முன்னால் துளிகூட இழுப்பு இருக்காது. ஓட்டுகிறவர் தன் பக்கம், அருகில் இருப்பவர் தன் பக்கம் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஊருக்கு வடக்கே கடல்போல் கிடக்கும் சுப்பீரியர் ஏரிக் காற்று பனியை அள்ளி முகத்தில் அடிக்கும். ஆளுக்கொரு பக்கம் குனிந்து திருகிவிட்டு ஓடிவந்து ஏறுவோம், இரண்டு கதவும் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எங்கள் வீட்டில் ஓட்டுகிறவள் அம்மா. செம்புச் சுரங்கம் அப்பாவைத் தின்ற பிறகு பசுக்களும் வைக்கோலும் வண்டியும் அவள் பாடு, பக்கத்து இருக்கை என் பாடு. சனெல்மா என்ற அவள் பெயரைக் கேட்டாலே சுற்றுவட்டார ஆண்களுக்குக் கொஞ்சம் உதறல்தான். பூட்ட மறந்து பனியில் மாட்டிக்கொள்பவர்களை அவள் லேசில் விடமாட்டாள். பக்கத்துப் பண்ணை வைனோ ஒருமுறை அப்படி வசமாகச் சிக்கினான்.

"என்ன வைனோ, குதிரையக் கட்டாமலே சாட்டையச் சுழட்டுற?"

"மறந்துபோச்சு சனெல்மா. வாயக் கொறச்சிட்டு சங்கிலியப் போட்டு இழு."

"காலைல காபி குடிக்க மட்டும் மறக்கலியே?"

அந்தக் கதையை அவள் வசந்தம் வரைக்கும் சர்ச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது டெட்ராய்ட்டில் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அந்தச் சனிக்கிழமை பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. போ என்றும் அம்மா சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஏலக்காய் ரொட்டி சுட்டு ஒரு துண்டில் சுற்றிவைத்தாள், அவ்வளவுதான்.

அன்று காலை எங்கள் பாதை முனையில் வழக்கம்போல இருவரும் இறங்கினோம், குனிந்தோம், ஏறினோம். ஓடைக்கு மேலே உள்ள சரிவில் காற்று பனியைக் குவித்து வைத்திருந்தது. வண்டி அதில் முட்டிக்கொண்டு நின்றது. அம்மா லீவரை இழுத்தாள். பின்சக்கரங்கள் அலறின. வண்டி ஒரு அடிகூட நகரவில்லை.

"ஈரப் பனி," என்றாள் அம்மா.

"பஸ் போயிடும்மா."

"அத என்கிட்ட சொல்லி என்ன? பனிகிட்ட சொல்லு."

நான் மண்வெட்டியோடு இறங்கி முன்னால் வாரினேன். "இப்ப ரேஸ் குடு!" என்று கத்தினேன். பின்னால் பனி பறந்தது. முன்சக்கரங்கள் மட்டும் அசையவே இல்லை. என் பக்கத்தைப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. சுற்றிக்கொண்டு அவள் பக்கம் போனேன். திருகின்மேல் இருந்த அம்புக்குறி திறந்த நிலையிலேயே இருந்தது.

அவள் குனிந்ததை நான் பார்த்தேன். பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவள் கை என்ன செய்தது என்றுதான் பார்க்கவில்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் வாழ்க்கையைப் பனியில் புதைக்கப் பார்த்தாளே என்று உடம்பெல்லாம் கொதித்தது. நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே வாயால் ஓட ஓட விரட்டுகிறவளுக்கு, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. கையுறையைக் கழற்றி, திருகைத் திருப்பிப் பூட்டிவிட்டு உள்ளே ஏறினேன்.

"உன் பக்கம் பூட்டல."

"மறந்துட்டேன்."

"நீ மறக்குற ஆளாம்மா?"

அம்மா ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தாள். "இல்ல," என்றாள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயே சொல்லுடி இர்யா," என்றாள். "போகலாமா, திரும்பலாமா? திரும்பலாம்னா திருப்பிடுறேன். போகலாம்னா போறேன். நானா எதுவும் சொல்லமாட்டேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு சொல்லை நான் சொன்னதில்லை.

"போகலாம்மா."

அவள் கியரைப் போட்டாள். வண்டி ஒருமுறை உதறிக்கொண்டு சரிவில் ஏறிவிட்டது.

நெடுஞ்சாலையில் பனியை வாரியிருந்தார்கள். தார் தெரிந்தால் உடனே இறங்கி இரண்டு பக்கமும் அவிழ்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பூட்டியே ஓட்டினால் வண்டி தேயும், பெட்ரோல் குடிக்கும். அன்று அதற்கு நேரமில்லை. லீவரை மட்டும் தள்ளிவிட்டு நேராக ஹான்காக் பஸ் நிலையத்தில் போய் நின்றாள். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என் பெட்டியை அவளே தூக்கி வைத்தாள். ரொட்டியை என் மடியில் திணித்தாள்.

"ஊரான் பேசுறத ஒட்டுக்கேக்காத."

"கேட்டா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"எப்படிச் சொல்லுவ? நம்ம வீட்டுலதான் ஃபோனே கெடையாதே."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிக்கப்பின் முன்னால் அவள் பக்கத்தில் குனிந்து திருகை அவிழ்த்தாள். பிறகு பானெட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றி நடந்து என் பக்கத்துக்கு வந்தாள். அத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. அங்கேயும் குனிந்தாள்.

பஸ் புறப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை அவள் நிமிரவில்லை. அந்தத் திருகை அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.