கிட்டார் சுயம்புவின் தங்கை

"மாமா, அதைக் கீழ வையுங்க" என்றாள் ப்ரியதர்ஷினி.

சுயம்புலிங்கம் புழக்கடை வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றுவிட்டார். நெஞ்சோடு அணைத்திருந்த பொருளைப் பழைய போர்வையால் சுற்றியிருந்தார். போர்வைக்கு வெளியே கறுப்பு வயர் ஒன்று தொங்கியது. முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் அவருடைய தங்கை பிரேமலதா கிடந்தாள். விடிகாலை நாலரைக்குப் போன உயிர். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது பன்னிரண்டரைதான் ஆகிறது, அதற்குள் மனிதர் செத்தவளின் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியிருக்கிறார்.

"மெதுவாப் பேசுட்டி. பார்ட்டி தெருமுக்குல கார்ல நிக்கான். மதுரையில இருந்து வந்துருக்கான். குடுத்து அனுப்பிட்டா ஒரு சோலி முடிஞ்சிது."

"இன்னைக்கு உங்களுக்கு இதுதான் சோலியா?"

"உங்கம்மா சரின்னு சொன்னதுதான?"

சொன்னாள்தான். அதை ப்ரியாவால் மறுக்க முடியாது. கடையநல்லூர்க்காரர் ஒருவர் பினாங்கிலிருந்து கொண்டுவந்து கைமாற்றிவிட்ட ஆம்ப் அது. ரேடியோக்களில் வால்வு எரிந்த காலத்துச் சரக்கு. கிட்டாரின் வயரை அதில் சொருகினால்தான் சத்தம் வெளியே கேட்கும். அளவு என்னவோ துணி வைக்கிற தகரப் பெட்டி அளவுதான். இந்த மாதிரி வால்வு ஆம்புகளை இப்போது ஆட்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் மாமா போனில் விளம்பரம் போட்டார். 'புகழ்பெற்ற கலைஞர் கிட்டார் சுயம்பு வாசித்தது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

அதைப் படித்துவிட்டு ப்ரியா குதித்தபோது அம்மா படுத்தபடியே சிரித்தாள். "போட்டுட்டுப் போறான் விடு. ஊர்ல யாரைக் கேட்டாலும் அவனத்தான் கை காட்டுவாவ. வித்து ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கோ. சிவகிரிக்கு பஸ்ல தொங்கிக்கிட்டுப் போகாண்டாம்." அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். சிவகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ப்ரியாவுக்கு வேலை. மகளுக்கு ஸ்கூட்டி வேண்டும் என்று கேட்கத் தெரிந்த அம்மாவுக்குத் தன் பேரைக் கேட்கத் தெரியவில்லை. மாமா மேல் இருந்த கோபத்தைவிட ப்ரியாவுக்கு அம்மா மேல்தான் கோபம் அதிகம். இனி அந்தக் கோபத்தைக் காட்டவும் ஆள் இல்லை.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டையிலிருந்து வாரம் ஒருமுறை வந்த கிட்டார் வாத்தியார் சுயம்புலிங்கத்துக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதம் தலைகீழாக நின்றும் அவருக்கு வரவில்லை. அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே கேட்ட தங்கைக்கு வந்துவிட்டது. வயசுப் பெண்ணைக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மேடையேற்றினால் மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்? அண்ணன் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். மெல்லிசைக் குழுவின் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்குப் பக்கத்தில் இந்த ஆம்ப். ஆம்புக்கு முன்னால் ஒரு மைக். ஸ்டூலில் இன்னொரு கிட்டாரோடு தங்கை. திரைக்கு முன்னால் பெல்பாட்டமும் சுருட்டை முடியுமாக அண்ணன். அவர் கிட்டாரின் வயர் மேடைப் பலகைக்கு அடியில் போய் எதிலும் சேராமல் முடிந்தது.

ராயகிரிக் கொடையில் ஒருநாள் கைதட்டல் தாங்காமல் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். கிட்டார் அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அன்றே குட்டு உடைந்திருக்க வேண்டும். ஆனால் நம் சனங்களைப் பற்றி என்ன சொல்ல? கை வைக்காமலே வாசிக்கிற வித்தைக்காரன் என்று மேடையேறி மாலை போட்டார்கள். அன்றிலிருந்து அவர் கிட்டார் சுயம்பு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து வளையல் கடைப் பலகையிலும் அதே பேர்தான். குழுவில் இருந்து விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்றைக்குத் தங்கையும் போய்விட்டாள். மிஞ்சியது இந்த ஆம்பும், எப்போதோ அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவைத்த ப்ரியாவும்தான்.

"அந்த ஆளை உள்ள கூப்பிடுங்க. முன்வாசல் வழியா" என்றாள் ப்ரியா. மாமா அசையவில்லை. அவளே போய்க் கூட்டிவந்தாள்.

நியாஸ் அகமது முப்பது வயதுப் பையன். மதுரையில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான். முதுகில் கிட்டார் பை. வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லலை. நான் இன்னொரு நாள் வாரேன்."

"வந்துட்டியள்லா. சத்தம் கேக்காம யாராவது ஆம்ப் வாங்குவாவளா? கேட்டுட்டே போங்க."

முன்னறையில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதில் ஐஸ் பெட்டியின் வயர் இருந்தது. ப்ரியா அதைப் பிடுங்கினாள். காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்த பெட்டி அடங்கியது. கூடவே பெண்களின் அழுகையும் நின்றது.

"ஏட்டி கூறுகெட்டவளே, பொணம் என்னத்துக்கு ஆகும்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்தே விட்டாள்.

"பத்து நிமிசத்துல ஒண்ணும் ஆயிராது பெரியம்மா."

"சாவு வீட்டுல சங்குதான் ஊதணும். இது என்ன கூத்து?"

"எங்கம்மா சாவு. நான் பாத்துக்கிடுதேன்."

ஆம்பைத் தூக்கி ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் வைத்து சுவிட்சைப் போட்டாள். வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும்.  பின்பக்கத்து ஓட்டைகளில் மெல்ல ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. நியாஸ் தன் கிட்டாரை எடுத்து அதன் வயரைச் சொருகி, தயங்கித் தயங்கி நாலு கம்பியைத் தட்டினான். சத்தம் கருப்பட்டிப் பாகு போலக் கனமாக வந்து அறையை நிறைத்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் வாசித்தான். தொழில்காரனின் ஆசை, இடம் பொருள் பார்க்காது. பிறகு சுதாரித்துக் கையை எடுத்தான்.

"பேசின விலைக்கே எடுத்துக்கிடுதேன் அக்கா. அண்ணாச்சி, நீங்க மட்டும் இதுல ரெண்டு நிமிசம் வாசிச்சியன்னா வீடியோ எடுத்துக்கிடுவேன். யாரு வாசிச்சதுன்னு கேக்குறவங்களுக்குக் காட்டணும்." கிட்டாரை மாமாவிடம் நீட்டினான்.

"வாசிங்க அண்ணாச்சி. தங்கச்சிக்காவ ஒரு பாட்டு" என்றார் பந்தலில் இருந்த ஒருத்தர்.

"விரல்ல வாதம் தம்பி" என்று மாமா கையை வேட்டியில் துடைத்தார்.

"வாதம் ஒண்ணும் இல்ல" என்றாள் ப்ரியா. "அவுகளுக்கு வாசிக்கத் தெரியாது. எந்தக் காலத்துலயும் தெரியாது. இதுல வாசிச்சது எங்கம்மா. திரைக்குப் பின்னால உக்காந்து ஆறு வருசம் வாசிச்சா. முன்னால நின்னு இவுக ஆடினாவ."

 நாற்பது வருஷத்துப் பேரை இழுத்துத் தெருவில் போட்டாயிற்று.

சுயம்புலிங்கம் முதலில் சிரிக்கப் பார்த்தார். சுற்றி யாரும் கூடச் சிரிக்கவில்லை. முகம் கறுத்தது. சுவரோரம் வைத்திருந்த மஞ்சள் பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்த வேண்டிய கோடிச் சேலை அதற்குள் இருந்தது.

"இந்தா பாரு. பொணத்தப் போட்டு வச்சுக்கிட்டுப் பொய் பேசுத. சொன்னது பொய்யின்னு எல்லாரும் கேக்கச் சொல்லு. சொல்லாட்டி இந்தச் சேலைய அவ மேல போட மாட்டேன். கோடி இல்லாம எப்பிடி எடுக்கியன்னு நானும் பாக்கேன்."

பந்தலில் இருந்த ஆண்களும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி இருந்தும் கோடி விழாமல் ஒரு பொம்பிளை சுடுகாட்டுக்குப் போனால் நாதியற்றவள் என்று பேர். கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் பேசுவார்கள், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேசுவார்கள். ப்ரியாவுக்கும் அந்தப் பயம் உண்டு. பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா இருந்தால், சொல்லிட்டுப் போ மக்கா, வாய் என்ன தேஞ்சா போவும் என்றுதான் சொல்லியிருப்பாள். அதை நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

"போடாண்டாம்" என்றாள். "இப்பிடியே கொண்டு போறேன்."

ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். இரண்டு பெரியவர்கள் தடுக்க வந்தார்கள். அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார்கள். அம்மாவின் கைப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, இடது கையை மெல்ல எடுத்து நெஞ்சின் மேல் மல்லாத்தி வைத்தாள். கை விறைத்துக் குளிர்ந்திருந்தது. நாலு விரல் நுனியும் காய்த்துப்போய், குறுக்கே கம்பி பதிந்த தடம் தெரிந்தது.

"சுகர் பாக்க இந்த விரல்ல ஊசி குத்தினா இறங்காது. நான் வலது கையிலதான் எடுப்பேன். மத்தியானம் ஆனா கதவைச் சாத்திக்கிட்டுக் கம்பியத் தடவிக்கிட்டு இருப்பா, ஆம்ப் போடாம, யாருக்கும் கேக்காம. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் வாசிச்சா. மாமா, உங்க கைய இது பக்கத்துல வையுங்க. எல்லாரும் பாக்கட்டும். நான் சொன்னது பொய்யின்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன்."

சுயம்புலிங்கத்தின் கைகள் மஞ்சள் பையை விடவில்லை. நாள் முழுக்க வளையலும் ரிப்பனும் எடுத்துக் கொடுக்கிற மெத்தென்ற கைகள். அவர் தங்கையின் விரல்களைப் பார்த்தார்.  

தலைமாட்டில் இருந்து முத்துத்தாய் எழுந்தாள். அவருடைய மனைவி. காலையில் இருந்து பிரேமலதாவுக்காக உண்மையாகவே அழுத இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க இங்க."

"நீ சும்மா கெட."

"கல்யாணமாகி ரெண்டாவது வாரம், ஒரு பாட்டு வாசிங்கன்னு கேட்டேன். கம்பி அந்து போச்சின்னு சொன்னிய. நாப்பது வருசமாச்சு. இன்னுமா மாத்தல?"

பின்வரிசையில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சாவு வீட்டிலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது, என்ன செய்ய?

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் முத்துத்தாய். "மதினியே மூச்சு விடல, நமக்கென்னன்னு இருந்துட்டேன். அது எந் தப்பு. இந்தச் சேலைய கடையில நின்னு எடுத்தது நான். மதினிக்குப் பச்சைன்னா புடிக்கும்னு பாத்து எடுத்தேன். நானும் பொறந்த வீட்டுக்காரிதான். நீட்டி முழக்காம குடுங்க. நான் போடுதேன்."

பையை அவர் கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது, அவள் பிடுங்கினாள் என்றும் சொல்ல முடியாது. எப்படியோ கை மாறியது. முத்துத்தாய் சேலையின் மடிப்பைப் பிரித்து மதினியின் கழுத்துவரை போர்த்தினாள். இடது கையை மட்டும் சேலைக்கு வெளியே விட்டாள். ப்ரியாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஆம்பின் வயரை உருவி, ஐஸ் பெட்டியின் வயரைச் சொருகி, மூடியை இறக்கினாள்.

நியாஸ் ஒரு மூலையில் ஒடுங்கி நின்று, கிட்டார் சுயம்பு என்று போனில் எழுதி வைத்திருந்ததை அழித்துக்கொண்டிருந்தான். "அக்கா, அம்மா பேரு சொல்லுங்க."

"பிரேமலதா."

"இனிஷியல்?"

"இனிஷியல் எதுக்கு? ஒண்ணு அப்பா பேரு, இல்ல புருசன் பேரு. பிரேமலதா, சங்கரன்கோவில். இது போதும்."

அவன் ஆம்பைப் போர்வை இல்லாமல் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனான். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஆண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அதில் ஒருத்தர் அந்த ஆம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடா இருக்கே என்றார்.

நீர்மாலைக் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்டி, பச்சைச் சேலையைக் கட்டி, எடுக்கும்போது மூன்றரை ஆகிவிட்டது. பெண்கள் தெருமுக்கு வரைதான் வரலாம் என்றார்கள். அதையும் தாண்டிப் போகத்தான் ப்ரியாவுக்கு ஆசை. ஆனால் முத்துத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுக்கிலேயே நின்றாள். அங்கே பாடையை இறக்கி வைத்து, வாய்க்கரிசி போட்டு, மறுபடியும் தூக்க ஆள் சேர்த்தார்கள். சுயம்புலிங்கம் கூட்டத்தோடு வந்தவர்தான். ஆனால் தள்ளி, மூடிக் கிடந்த ஒரு கடையின் ஓரமாக நின்றார். யாரும் அவரிடம் பேசவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை.

"கிட்டாரண்ணாச்சி, தலைமாட்டுல ஒரு ஆளு கொறையுது, வாங்க!" என்று கூப்பிட்டான் இசக்கித்துரை. பாடை தூக்குவதற்கென்று அப்போதுதான் வந்தவன். வீட்டுக்குள் நடந்தது அவனுக்குத் தெரியாது.

அவர் அசையவில்லை.

"கிட்டாரண்ணாச்சி!"

நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். இசக்கித்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது கேட்கவில்லை போலும் என்று கிட்டத்தில் போய், "சுயம்பண்ணாச்சி, உங்களத்தான்" என்றான்.

அவர் திரும்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வந்து, தலைமாட்டுப் பக்கம் குனிந்து, தோள் கொடுத்தார்.