வில்லைக் கிண்ணம்

எத்தனையோ நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்துவிட்டு, இன்று அருங்காட்சியகப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது அந்தக் கண்ணாடிக் கிண்ணம். பக்கத்தில் ஓர் அட்டை: செய்தவர் தெரியவில்லை. தெரியவில்லையாம். சொன்னால் தெரிந்துவிட்டுப் போகிறது, கேளுங்கள்.

செய்தவள் ஓர் உலைக்காரனின் மனைவி. எதைக் கேட்டாலும் வாய் திறக்கமாட்டாள் என்பதால் புகுந்த வீட்டில் அவளுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர். உலை புருஷனுடையது, வில்லை அடுக்குவது அவள். நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சேர்த்து இழுத்த கண்ணாடிக் கம்பிகளை, வெண்டைக்காய் நறுக்குவதுபோல் வில்லை வில்லையாக வெட்டுவாள். அவற்றை நெருக்கி வட்டமாக அடுக்கி, உலையில் ஒன்றாக ஒட்டவைப்பார்கள். பிறகு அந்தத் தட்டைக் கவிழ்த்த மண் அச்சின்மேல் வைத்துச் சூடேற்றினால், அது இளகி மடிந்து கிண்ணமாகும்.

புருஷனின் அண்ணன் தனியாகப் பட்டறை வைத்திருந்தார். பொம்பளை அடுக்கினால் வில்லைக்கு வில்லை சண்டைதான் வரும், ஒட்டாது என்று ஊரெல்லாம் தமுக்கடித்து வைத்திருந்தார். ஊர்ப் பெரிய மாளிகைக்கு இனி யார் கிண்ணம் செய்வது என்று முடிவாகவேண்டிய நேரம் அது. அவள் அடுக்கிய இந்தக் கிண்ணம் தேறினால் வேலை தம்பிக்கு, இல்லையென்றால் அண்ணனுக்கு. அதைவிட, தன்னைப் பட்டறைக்காரி என்று அந்த அண்ணன் வாயால் ஒரு தடவையாவது சொல்லக் கேட்டுவிட வேண்டுமென்று அவளுக்கு வெறியே இருந்தது.

மாளிகைக் காரியக்காரர் சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்து நின்றார். வேடிக்கை பார்க்க அண்ணனும் கூடவே வந்துவிட்டார். கிண்ணம் அப்போதுதான் சாம்பலுக்குள் ஆறி வெளியே வந்திருந்தது. இன்னும் மணல் போட்டுத் தேய்க்கவில்லை. உள்ளே அச்சு மண் ஒட்டி, வெளியே சாம்பல் பூத்துக் கிடந்தது.

"என்னம்மா, கழுவாத சட்டி மாதிரி இருக்கு?" என்றார் காரியக்காரர்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் குடத்தைச் சாய்த்துக் கிண்ணத்தின்மேல் தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான். நீலத்துக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் வெள்ளை என்று ஒவ்வொரு வில்லையும் கண் திறந்தது. ஓர் இடுக்கு இல்லை, ஒரு கோணல் இல்லை. அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஈரம் காய்ந்ததும் கிண்ணம் மறுபடி மங்கிப்போனது. பார்த்தவரைக்கும் போதும், இப்படியே கொடு, மாளிகையில் தண்ணீர் ஊற்றிக் காட்டிக்கொள்கிறேன் என்றார் காரியக்காரர். வாங்கிக்கொள் என்று கைக்கு வந்த வேலை. புருஷன் கண்ணாலேயே அவளைக் கெஞ்சினான்.

"தரமாட்டேன்," என்றாள். "ஈரத்துல தெரிஞ்சது காய்ஞ்சாலும் தெரியணும். தேய்ச்சு முடிக்கிற வரைக்கும் இது கிண்ணமே இல்லைங்க."

காரியக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அண்ணன் பக்கம் திரும்பி, அப்படியானால் இனி உன்னிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அண்ணன் கிண்ணத்தைக் கையில் எடுத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். வந்த அதிர்ஷ்டத்தை அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. என்ன இருந்தாலும் தொழில்காரர் அல்லவா?

"என் கைக்கு இப்படி அடுக்க வராது," என்றார் மெதுவாக. "எங்க வீட்டுப் பட்டறைக்காரி செஞ்சது. காத்திருந்து வாங்கிக்கிட்டுப் போங்க."

கல்லுளிமங்கிக்குப் பெருமை தாங்கவில்லை, கண் நிறைந்துவிட்டது. அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்து, ஈர மணலை ஒரு பிடி அள்ளினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா," என்றாள். "வெளிச்சம் மறைக்குது."