நெளியனுக்குள் இருப்பவர்

ஐந்து பாகங்கள், பதினோரு வருஷம். கதாநாயகனை விட்டால் திரையில் அதிக நேரம் வந்தவர் அவர்தான். கதாநாயகிகூட அவருக்குப் பின்னால்தான். ஆனாலும் வீட்டுக்குக் கீழே ரொட்டி விற்கிறவருக்கு அவரை யாரென்று தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவர் நெளியனுக்குள் இருப்பவர்.

நெளியன் யாரென்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடலுக்கடியிலிருந்து கிளம்பி வந்து துறைமுகத்தைத் துவம்சம் செய்யும் எட்டுக்கை மிருகம். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில், தண்ணீர் பாட்டிலில், பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியில்கூட விழியை உருட்டிக்கொண்டிருக்கும் அதே சனியன். ஸ்டுடியோவில் இவருக்கு 'உள்ளாள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. படம் முடிந்து ஓடுகிற பட்டியலில் இவர் பெயரும் உண்டு. வண்டி ஓட்டினவர்களுக்கும் கீழே, ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும்.

இன்றைக்கு அந்தக் குறை தீரப்போகிறது என்று காலையில் எழுந்ததுமே கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டார். ஐந்தாம் பாகத்தின் முடிவில் நெளியன் சாகிறது. சாகும்போது தலைத்தோல் பிளந்து உள்ளே ஒரு மனித முகம் தெரிகிறது. நெளியன் ஒரு காலத்தில் விஞ்ஞானியாக இருந்ததாம். இந்த விஷயம் கதை எழுதுகிறவருக்கே ஐந்தாம் பாகத்தில்தான் தெரியவந்தது. முகம் பன்னிரண்டு விநாடி திரையில் நிற்கும். அதற்குத் தெரிந்த நடிகர் ஒருவரைக் கூட்டிவரலாம் என்று ஆபீசில் பேச்சு அடிபட்டபோது, உள்ளாள் முதல் தடவையாக வாயைத் திறந்தார். என் முகம் இல்லாவிட்டால் நெளியனும் இல்லை என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினார்.

வாங்கினதோடு சும்மா இருந்திருக்கலாம். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். முக்கியமாக மாமனாரிடம். அந்த மனிதர் ஒவ்வொரு பாகத்தையும் முதல் நாளே போய்ப் பார்ப்பார், வெளியே வந்ததும் ஒன்றும் தெரியாதவர் போல, "எல்லாம் சரி, மாப்பிள்ளை எந்த சீன்ல வந்தார்?" என்று கேட்பார். ஐந்து பேர் இருந்தாலும் கேட்பார், ஐம்பது பேர் இருந்தாலும் கேட்பார். இந்தத் தடவை உள்ளாளே போன் போட்டு, "இந்தப் படத்துல நீங்க தேட வேண்டாம் மாமா" என்று சொல்லிவிட்டார்.

"மொதல்ல எடுக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்ல?" என்றாள் மனைவி.

கேட்டால்தானே.

அவர் மனைவியும் நெளியன்தான். முன்பக்கத்து இரண்டு கைகள் அவளுடையவை. நெளியனுக்குள் ஓர் ஆள்தான் நிற்க முடியும். எட்டுக் கைகளையும் அசைக்க மேடைக்கடியில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கு இரண்டு கை. தூண்டில் நரம்பு மாதிரியான மெல்லிய கயிறுகள் மேடையின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். கைகளுக்கு நம்பர் உண்டு, அந்த நம்பர்தான் ஆட்களுக்கும் பெயர். மூணுநாலு நல்ல தடியர், எதற்கும் சிரிப்பவர். அஞ்சாறு பேச மாட்டார். ஏழெட்டு ஓயாமல் போனைப் பார்ப்பவர். அதனாலேயே நெளியனின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஒண்ணுரெண்டு இவர் மனைவி. அவளை மட்டும் யாரும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அண்ணி.

கீழே இருப்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. எல்லாம் சத்தத்தை வைத்துத்தான்.

அந்தச் சத்தத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முதல் பாகத்தில் கேமரா கிட்டே வந்தபோது நெளியனின் தொண்டைக்குக் கீழே இருந்த ஜிப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. தியேட்டரில் பயப்பட வேண்டிய இடத்தில் யாரோ, "டேய், ஜிப்புடா!" என்று கத்த, மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உள்ளாளும் மனைவியும் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றைக்கு முடிவானதுதான் 'மூடு' என்கிற ஏற்பாடு. கேமரா தள்ளுவண்டி கிட்டே வரும் சத்தம் கேட்டால் போதும், முன்கை இரண்டும் எழுந்து தொண்டையை மூடிவிட வேண்டும். உள்ளே இருப்பவரும் தாடையை இறக்கி ஜிப்பை மறைத்துக்கொள்ள வேண்டும். சொல்லிச் சொல்லிப் பழகினது. பிறகு சொல்லத் தேவையே இல்லாமல் போயிற்று.

இன்றைக்கு எடுக்கும் பிளந்த தலையில் ஜிப்பே கிடையாது. ரப்பர் தோலைக் கோந்து போட்டு நேராகக் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பழைய தலையில் தொண்டை இருந்த உயரத்தில்தான் இப்போது அவர் முகம். அதற்கு லேசான மேக்கப். முந்தின நாளே முடிக்குச் சாயம் பூசியிருந்தார். மேடையில் ஏறி நின்றதும் விளக்கு வெளிச்சம் கன்னத்தில் பட்டது. பதினோரு வருஷத்தில் அந்தச் சூட்டை முகத்தில் உணர்வது இதுதான் முதல் தடவை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இயக்குநர் இவரைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணே அண்ணே என்றே காரியத்தைச் சாதித்துக்கொள்பவர். "அண்ணே, பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சாகணும். அப்புறம் நெளியன் தண்ணில முங்கற தொட்டி ஷாட் இருக்கு. நெளியன் உடுப்புப் பஞ்சுல தண்ணி ஏறிட்டா காயாது, நாளைக்கு செட்டையும் பிரிக்கிறாங்க" என்றார்.

"ஒரே டேக் போதும் சார்" என்றார் உள்ளாள்.

முதல் டேக். தள்ளுவண்டி கிறீச்சென்று நகர்ந்து வந்தது. உள்ளாள் முகத்தை நிமிர்த்தி, கண்ணில் சாவைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வண்டி பாதித் தூரம் வந்ததும் வழவழவென்று இரண்டு கைகள் எழுந்து அவர் முகத்தை அப்பிக்கொண்டன. கைகளில் வழவழப்புக்காகப் பூசியிருந்த கோந்துத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று.

"கட்!"

மேடைக்கடியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஐயோ, நான்தாங்க. பழக்க தோஷம். சக்கரம் கிறீச்சுங்குது, கை தானா இழுத்துடுது."

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளாளும் சிரித்துவைத்தார். கைகளுக்கு மறுபடி வழவழப்புப் பூசவே அரைமணி நேரம் ஓடியது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்கள்.

இரண்டாம் டேக்கில் சக்கரம் சத்தமே போடவில்லை. மேடைப் பலகை போட்டது. கேமராவின் கனம் ஏறியதும் பலகை முனக, கைகள் எழுந்தன. இந்தத் தடவை இடது கண்ணை மட்டும் விட்டுவைத்தன.

"அண்ணி, இன்னிக்கு மூடு வேணாம் அண்ணி" என்று மூணுநாலு கீழே சொல்வது எல்லோருக்கும் கேட்டது.

"தெரியும்டா! தெரியாமலா இருக்கேன்?"

மூன்றாம் டேக்கில் அவள் கயிற்றைத் தளர்த்திப் பிடித்திருந்தாள். கைகள் பாதிதான் எழுந்தன. ஆனால் அந்தப் பாதி சரியாக மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவில் போய் நின்றது. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. உள்ளாளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. குனிந்து ஓட்டைக்குள் பார்த்துக் கத்தினார்.

"ஒனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொல. எம் மூஞ்சி வெளிய தெரிஞ்சா ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"வேணும்னேவா பண்றேன்? நீங்க பேசறது நல்லா இருக்கா?"

"பதினோரு வருஷமா எம் மூஞ்சிய மூடுறதுதான் ஒனக்கு வேல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருக்கச் சொன்னா, அது முடியல ஒனக்கு. ஒங்க அப்பா கேக்குறப்ப நீயும் சேர்ந்துதான சிரிப்ப?"

ஏழெட்டுகூடப் போனை மடியில் வைத்துவிட்டார். ஓட்டைக்குள் கயிறுகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அழட்டும் என்றும் தோன்றியது. அவ்வளவு எரிச்சல்.

பிறகு அவள் குரல் வந்தது, தணிந்து. "ஒண்ணாம் கயிறையும் ரெண்டாம் கயிறையும் தூண்ல கட்டிட்டேன். கைய அடியில வெச்சு அது மேலேயே உக்காந்துட்டேன். இப்ப எடுக்கச் சொல்லுங்க."

"அண்ணே, இதுதான் கடைசி" என்றார் இயக்குநர். "மணி பன்னெண்டாகப் போகுது."

நான்காம் டேக். உள்ளாள் நிமிர்ந்தார். கேமரா நகர்ந்தது. பாதித் தூரம் வந்தது. கைகள் இரண்டும் மேடையில் செத்த பாம்பாகக் கிடந்தன. மனைவி சொன்னபடியே இருந்துவிட்டாள் என்று தெரிந்து அவருக்கு மனம் நிறைந்தது. வெளிச்சம் முகத்தில் ஏறியது. கண்ணாடி வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது, அதில் குட்டியாக ஒரு முகம் தெரிந்தது. அவருடைய முகம்தான்.

எப்போது குனிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தாடை நெஞ்சில் போய் ஒட்டியிருந்தது. நிமிரு என்று கழுத்துக்குச் சொன்னார். கழுத்து கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிகள் உச்சந்தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தன. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றியை மட்டும் கொஞ்சம் தூக்க முடிந்தது. அதற்குள் விளக்கு மங்கிவிட்டது.

"கட்! ஓகே!" இயக்குநர் ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது, நிஜமாகவே. "அண்ணே, பின்னிட்டீங்க! வெக்கப்பட்டுத் தல குனிஞ்சு சாகுது பாருங்க, யாருக்குண்ணே தோணும் அது? நான் எழுதியிருந்தாகூட இப்படி வந்திருக்காது."

மானிட்டரில் அந்தப் பன்னிரண்டு விநாடியைப் போட்டுக் காட்டினார்கள். சாயம் பூசின தலைமுடி தெரிந்தது. காதுகள் தெரிந்தன. கொஞ்சம் மூக்கு. இவர் யாரென்று பெற்ற தாய்கூடச் சொல்ல முடியாது.

மேடைக்கடியிலிருந்து மற்ற மூவருக்கும் முன்னால் மனைவி ஊர்ந்து வெளியே வந்தாள். முட்டியெல்லாம் தூசி. காலையிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் மறந்துவிட்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, "மொகம் வந்துச்சா? வந்துச்சா?" என்றாள்.

அவளே மானிட்டரைப் பார்த்தாள். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு திரும்பி நேராக இயக்குநரிடம் போய் நின்றாள்.

"இது எப்படி சார் ஓகே? மொகமே தெரியலையே."

"அண்ணி, அதுதான் அழகே."

"அழகு கெடக்கட்டும். நீங்க சொன்னது மொகம். இந்த மனுசன் பதினோரு வருஷமா ஒங்களுக்காக அந்தப் பஞ்சுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கார். சாப்பாட்டு நேரத்துல பாதிய நாங்க விட்டுத் தர்றோம், இவங்கல்லாம் விட்டுத் தருவாங்க. இன்னொண்ணு எடுங்க. எடுக்காம நான் தொட்டிக்கு வர மாட்டேன். ஒண்ணும் ரெண்டும் இல்லாம ஒங்க நெளியன் எப்படி அசையுதுன்னு நானும் பாக்குறேன்."

மூணுநாலு தலையாட்டினார். அஞ்சாறு, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, "எடுங்க சார்" என்றார். ஏழெட்டும் வந்து பக்கத்தில் நின்றார்.

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "சரி. ஒண்ணே ஒண்ணு. அண்ணே, நிமிர்ந்து பாருங்க, அவ்வளவுதான். வாங்க."

அவள் வெற்றியோடு கணவன் பக்கம் திரும்பினாள். அவர் அசையவில்லை.

"வாங்க, எடுக்கறேங்கறாங்க."

"வேணாம்."

"என்னது?"

"வேணாம்மா. இதே இருக்கட்டும்."

"ஏன்? என் மேல இருக்கற கோவத்தையா இதுல காட்டுறீங்க? கயிறு கட்டித்தான இருந்துச்சு? நான் தொடவே இல்லையே!"

"நீ தொடல. நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் குனிஞ்சேன். நடிக்கல. தானா குனிஞ்சிடுச்சு. இன்னொண்ணு எடுத்தாலும் குனிவேன், பத்து எடுத்தாலும் குனிவேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அப்ப காலையில இருந்து என்ன அந்தப் பேச்சு பேசினது? நாலு பேர் முன்னால?"

மனைவி மேல் கோபப்பட முடிந்த வரைக்கும் எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்தார். இப்போது அந்தக் கோபத்தை வைக்க இடமில்லை. கேட்டதெல்லாம் கிடைத்தது, வெளிச்சம், கேமரா, இன்னொரு டேக் உட்பட. நிமிர மட்டும் வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது, தன்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்தது. அதற்குள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது உறைத்தது.

"தலையக் குடு" என்றார்.

"என்னங்க..."

"தொட்டி ஷாட் தலைய எடு. சீக்கிரம் மாட்டு."

பிளந்த தோலைக் கோந்தோடு உரித்தார்கள். அவள் பழைய தலையைத் தூக்கி அவர் மேல் கவிழ்த்தாள். ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு மேடைக்கடியில் போய்க் கயிறுகளை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மேடையை ஒட்டிய தொட்டி ஓரத்தில் நெளியன் எட்டுக் கைகளையும் விரித்து எழுந்து நின்றது. தள்ளுவண்டி கிட்டே வந்தது. முன்கை இரண்டும் பழகினபடி எழுந்து தொண்டையை மூடின. பஞ்சின் இருட்டுக்குள் உள்ளாள் கழுத்தை நிமிர்த்தி, கேமரா இருக்கும் திசையை முழுக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் வந்து மூடும்வரை.